அரங்கேற்று காதையும் அமெரிக்க இசைத்தட்டும்



மலர்க் குழுவினர் இந்த வருடமும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல சிலம்பிலோ சீவக சிந்தாமணியிலோ ஏதாவது எழுதித் தருவார் இந்த நயினார் என்றுதான் நினைத்திருப்பார்கள். சிலம்பு இந்தக் கட்டுரையிலும் வருகிறது. ஆனால் அதோடு அமெரிக்காவுக்கும் பம்பாய்க்கும் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. பொறுமையாகக் கூட வாருங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்னூர் மலைப் பக்கத்தில் பிறந்து, 1979-இல் மட்டாஞ்சேரிக்கு வந்து, பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏலமும் வாங்கி விற்றுப் பிழைப்பவன் அடியேன். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. சங்கீதமும் முறையாகக் கற்றதில்லை. கடை சாத்தின பிறகு படித்ததும் கேட்டதும்தான் என் படிப்பு.

சாக்கில் வந்த இரண்டு தட்டுகள்

சில வருடங்களுக்கு முன் ஜூ டவுனில் பழைய சாமான் விற்கும் ஒருவர், ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததென்று ஒரு சாக்கு நிறைய 78 சுற்று இசைத்தட்டுகள் வைத்திருந்தார். பாதி உடைசல். பேரம் பேசி மொத்தமாக எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டு தட்டுகள் என்னைப் பிடித்துக்கொண்டன.

ஒன்று, லூயி ஜோர்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் 1946-இல் வெளியிட்ட ‘சூ சூ சபூகி’. கொச்சித் துறைமுகத்தில் இறங்கிய கப்பல்காரர் யாராவது விட்டுப்போனதாக இருக்கலாம். இன்னொன்று, 1951-இல் வந்த ‘அல்பேலா’ இந்திப் படத்தின் நடனப் பாட்டு. சி. ராம்சந்திரா இசை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துக் கேட்டேன். மொழி வேறு, ஊர் வேறு, தாளம்கூட வேறுதான். ஆனாலும் ஒரே பட்டறையில் பழகின கைகள் இரண்டிலும் வேலை செய்தது போல இருந்தது. பித்தளை வாத்தியங்கள் பாட்டுக்குள் நுழையும் இடமும், பாடுகிறவர் மூச்சு வாங்கும்போது அந்த இடைவெளியில் ஒரு சின்னத் துணுக்கை வைத்துவிட்டு விலகும் நயமும் அப்படி ஒத்துப்போயின.

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்தேன். ஒன்றில் தலைவர் பெயரும் ‘அவருடைய ஐவர் குழு’ என்ற பொருளில் ஒரு குழுப் பெயரும் இருந்தன. அந்த ஐவர் யார் என்று இல்லை. இத்தனைக்கும் அந்தக் குழுவில் பெரும்பாலும் ஐந்து பேருக்கு மேலேயே இருந்தார்களாம். இன்னொன்றில் படத்தின் பெயர், பாடினவர்கள் பெயர், இசையமைப்பாளர் பெயர். ஊதினவர், தட்டினவர், மீட்டினவர் பெயர் எதுவும் இல்லை.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நன்றாகப் படித்தவர், எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “நயினார், இவங்க எல்லாம் ஜாஸ் வாசிச்சுட்டு இருந்தவங்க. பிழைப்பு போச்சுன்னு காசுக்கு இறங்கி வந்து ஊதினாங்க. கூலிக்கு ஊதினதுல கலை எங்கிருந்து வந்தது?” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

இளங்கோ தந்த அளவுகோல்

ஒரு சரக்கின் தரம் பார்க்க வேண்டுமானால் முதலில் சல்லடை வேண்டும். பக்கவாத்தியக்காரரை எடை போடும் சல்லடை நம்மிடம் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகவே இருக்கிறது. அது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை.

மாதவி அரங்கேறுகிறாள். ஆடப்போகிறவள் அவள் ஒருத்தி. ஆனால் அவள் மேடைக்கு வருவதற்கு முன்பே இளங்கோ ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழல் ஊதுபவன், யாழ் மீட்டுபவன் என்று ஒவ்வொருவராக அழைத்து, ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று தனித்தனியே சொல்லிவிடுகிறார். அதிலும் தண்ணுமைக்காரனைப் பற்றிச் சொல்லும் இடத்தை இந்தக் கட்டுரைக்காக மறுபடியும் படித்தேன். மற்ற கருவிகள் குறைகிற இடத்தில் அவன் நிரப்ப வேண்டும். மிகுகிற இடத்தில் அடக்க வேண்டும். ஆனால் தன் கைத்திறம் மற்றவர்களை மூடிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்து இதுதான். அடியார்க்கு நல்லார் உரையில் இன்னும் விரிவாகக் காணலாம்.

இளங்கோவை எங்கள் சமணப் பெரியவர்கள் எங்களவர் என்று உரிமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சொல்வதற்குக் காரணம் வேறு. இளங்கோவும் அந்தத் தண்ணுமைக்காரனின் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் அவன் தொழிலைச் சொன்னார். அதை ஒரு கலையாக மதித்து, அதற்கென்று இலக்கணம் வகுத்தார். இந்த மூன்று கேள்விகளை — நிரப்பினானா, அடக்கினானா, மூடாமல் இருந்தானா — கையில் வைத்துக்கொண்டு இனி அமெரிக்காவுக்குப் போகலாம்.

ஏன் வந்தார்கள்?

‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்ற பெயரே ஒரு வியாபாரப் பெயர். கறுப்பின மக்களுக்கென்று விற்கப்பட்ட தட்டுகளை அதுவரை ‘இனத் தட்டுகள்’ என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1949 ஜூன் மாதம் ‘பில்போர்டு’ வாரப் பத்திரிகை தன் விற்பனைப் பட்டியலின் தலைப்பை மாற்றி இந்தப் பெயரை வைத்தது. பெயரைக் கொடுத்தவர் அப்போது அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர். பெயர் 1949-இல் வந்தது. சங்கதி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

1930களில் அமெரிக்காவில் ஜாஸ் என்றால் பதினைந்து, பதினாறு பேர் உட்கார்ந்து வாசிக்கும் பெரிய குழு. ஜனங்கள் அதைக் கேட்டு நடனம் ஆடினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. வாத்தியக்காரர்கள் பலர் பட்டாளத்துக்குப் போனார்கள். 1942 ஆகஸ்டில் இசைக் கலைஞர் சங்கம் ரெக்கார்டிங் வேலைநிறுத்தம் செய்தது. பெரிய கம்பெனிகளில் கடைசி இரண்டும் வழிக்கு வர 1944 நவம்பர் ஆயிற்று. அதே 1944-இல் நடன விடுதிகளுக்கு 30 சதவீத வரி போட்டார்கள். பின்னால் 20 ஆகக் குறைத்தார்கள். பதினாறு பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அழைத்துப்போக யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1946 முடிவதற்குள் பெயர்பெற்ற குழுக்கள் பலவும் கலைந்தன.

அப்போது ஏழெட்டுப் பேர் கொண்ட சின்னக் குழுக்கள் முளைத்தன. பதினாறு பேர் எழுப்பிய முழக்கத்தை ஏழு பேர் எழுப்ப வேண்டும். அதற்கு வாத்தியம் தெரிந்தால் மட்டும் போதாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிய வேண்டும். லூயி ஜோர்டன் இதற்கு முன்னோடி. அவர் 1938 வரை சிக் வெப் என்பவரின் பெரிய ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர். வெளியே வந்து சின்னக் குழு அமைத்தார். நான் மேலே சொன்ன ‘சூ சூ சபூகி’ பதினெட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதைப் பதிவு செய்த மில்ட் கேப்ளரும் ஜாஸ் தட்டுக் கடை நடத்தியவர்தான். பின்னால் 1954-இல் பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் தி க்ளாக்’ பாட்டைப் பதிவு செய்தவரும் இதே கேப்ளர்.

ஆக, நண்பர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பிழைப்பு போயிற்று, அதனால் வந்தார்கள். இரண்டாம் பாதிக்கு வருவோம்.

கேட்டுப் பார்த்தால்

முதலில் 1942 மே மாதம் லயனல் ஹாம்டன் குழு பதிவு செய்த ‘ஃப்ளையிங் ஹோம்’. இதில் சாக்ஸபோன் தனி வாசிப்பு செய்த இல்லினாய் ஜாக்கேக்கு அப்போது வயது 19. முதல் சுற்றில் சுரங்களை நயமாகக் கோத்துக்கொண்டே போகிறார். இரண்டாம் சுற்றுக்கு வந்ததும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஊதுகிறார். தெரியாமல் அல்ல, தெரிந்தே ஊதுகிறார். நம் நாதஸ்வர வித்வான் ராகத்தை விரித்துக்கொண்டே போய் ஒரு சுரத்தில் நின்று கூட்டத்தையே நிறுத்துவாரே, அந்த மாதிரி. பின்னால் வந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் சாக்ஸபோன்காரர்கள் எல்லோரும் இந்த ஒரு வாசிப்பில் கடன் வாங்கினவர்கள். ஜாக்கேயோ முழுக்க முழுக்க ஜாஸ்காரர்.

அடுத்தது 1949-இல் பால் வில்லியம்ஸ் பெயரில் வந்து பதினாலு வாரம் முதலிடம் பிடித்த ‘தி ஹக்கிள்பக்’. நாடே அதற்கு ஆடியது. ஆனால் அந்த மெட்டு 1945-இல் சார்லி பார்க்கர் பதிவு செய்த ‘நௌஸ் த டைம்’ என்ற ஜாஸ் உருப்படியின் மெட்டு. பார்க்கர் என்றால் அன்றைய புது ஜாஸின் உச்சி. சாதாரண ஜனங்களுக்குப் புரியாத சங்கீதம் என்று பேர் வாங்கினவர். அவருடைய மெட்டையே தாளத்தைச் சற்றுத் தளர்த்தி, கால் தரிக்கும்படி வைத்தவுடன் ஜனங்கள் ஆடிவிட்டார்கள். அதே போல 1952-இல் முதலிடம் வந்த ஜிம்மி ஃபாரெஸ்டின் ‘நைட் ட்ரெய்ன்’, ட்யூக் எலிங்டன் குழுவின் 1946-ஆம் வருட உருப்படி ஒன்றிலிருந்து எடுத்தது. ஃபாரெஸ்ட் எலிங்டன் குழுவில் இருந்தவர். கீழே இறங்கி வந்தார்கள் என்கிறோமே, இறங்கி வந்தபோது வெறும் கையோடு வரவில்லை. மேல்மாடியிலிருந்த பாத்திரத்தையே கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். ஆனால் பார்க்கருக்கு அந்த வெற்றித் தட்டில் பெயர் இல்லை என்பதையும் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, 1949 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் காசிமோ மட்டாசா என்பவரின் சின்ன ஸ்டூடியோவில் ஃபேட்ஸ் டாமினோ பாடின ‘தி ஃபேட் மேன்’. டாமினோ பியானோவை அடித்துக்கொண்டே பாடுகிறார். நடுவில் வாயாலேயே ட்ரம்பெட் மாதிரி ஓசை எழுப்புகிறார். ஏற்பாடு செய்தவர் ட்ரம்பெட்காரர் டேவ் பார்த்தலோமியூ. ட்ரம்ஸ் வாசித்தவர் ஏர்ல் பால்மர், ஜாஸில் ஊறியவர். நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் ஓங்கி அடிக்கும் அடி, அந்த ஊர்ப் பழைய ஜாஸில் கடைசிச் சுற்றுக்கு என்று வைத்திருந்த சமாசாரம். பால்மர் அதை எடுத்துப் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் போட்டார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த ராக் இசை முழுவதும் அந்த அடியின் மேல்தான் நிற்கிறது. 1955-இல் லிட்டில் ரிச்சர்டின் ‘டுட்டி ஃப்ரூட்டி’யிலும் அதே பால்மர்தான்.

இங்கே இளங்கோவின் சல்லடையைப் போட்டுப் பாருங்கள். பால்மருக்கு இதைவிடப் பத்து மடங்கு சிக்கலாக வாசிக்கத் தெரியும். அதை எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு, டாமினோவின் குரலும் பியானோவும் முன்னால் நிற்கும்படி, தேவையான ஒன்றை மட்டும் கொடுக்கிறார். நிரப்பினார், அடக்கினார், மூடவில்லை. தெரியாதவன் எளிமையாக வாசிப்பதும், எல்லாம் தெரிந்தவன் எளிமையாக வாசிப்பதும் காதுக்கு ஒன்றல்ல.

சல்லடையில் நிற்காதவையும் உண்டு. அதே காலத்தில் மேடையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சாக்ஸபோனை அலறவைத்த பிக் ஜே மெக்னீலி போன்றவர்களின் சில தட்டுகளில், பாட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு அது கொண்டாட்டம். தட்டில் கேட்கும் எனக்குப் பாதியில் அலுத்துவிடுகிறது. ஜாஸ் தெரிந்தவர் வாசித்தாலே உயர்வு என்று நான் வாதாட வரவில்லை.

பம்பாயில் நடந்தது

இப்போது அல்பேலா தட்டு. அதன் பின்னால் இருந்தவர்கள் கோவாக்காரர்கள்.

போர்த்துக்கீசியர் ஆட்சியில் கோவாவின் மாதா கோயில் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சுரம் எழுதவும் படிக்கவும் சொல்லித்தந்தார்கள். வயலினும் ட்ரம்பெட்டும் கற்றுக்கொண்ட அந்தப் பிள்ளைகள் பிழைப்பு தேடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் லாகூருக்கும் போனார்கள். 1935-இல் லியோன் ஆபியின் அமெரிக்கக் கறுப்பினக் குழு பம்பாய் தாஜ் மகால் ஓட்டலில் வந்து வாசித்தது. அதன் பிறகு அங்கே ஜாஸ் நன்றாக வேரூன்றியது. கோவாவின் அல்டோனா ஊரைச் சேர்ந்த அன்டோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சாக்லேட்’ என்ற பெயரில் ட்ரம்பெட் வாசித்து, இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று புகழ் பெற்றார்.

வெள்ளைக்காரன் போனான். 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. இரவு விடுதிகளின் வரும்படி சுருங்கியது. அமெரிக்காவில் வரி செய்த வேலையை இங்கே மதுவிலக்கு செய்தது என்று சொல்லலாம். வாத்தியக்காரர்களுக்கு நிலையான கூலி கிடைத்த இடம் சினிமா ரெக்கார்டிங்தான். சிக் சாக்லேட் சி. ராம்சந்திராவோடு வேலை செய்தார். அல்பேலா படத்தில் தன் குழுவோடு திரையிலேயே தோன்றுகிறார். நமக்கு ஒரு சேதி: இதே ராம்சந்திரா இந்தியில் பெயர் வாங்குவதற்கு முன் ‘வனமோகினி’ (1941) என்ற தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர். அல்பேலாவும் 1953-இல் ‘நல்ல பிள்ளை’ என்று தமிழ் பேசி வந்தது.

சிக் சாக்லேட் மட்டும் அல்ல. லாகூரில் சொந்தக் குழு நடத்திய செபாஸ்டியன் டிசூசா, பிரிவினைக்குப் பிறகு பம்பாய் வந்து சங்கர் ஜெய்கிஷன் பாடல்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் வாத்திய அமைப்பு எழுதினார். ட்ரம்பெட்காரர் ஃப்ராங்க் ஃபெர்னாண்ட் பல இசையமைப்பாளர்களுக்கு எழுதினார். தன் சம்பாத்தியத்தில் 1963-இலும் 1966-இலும் கொங்கணிப் படங்கள் எடுத்தார். வயலின் மேதை அந்தோனி கோன்சால்வ்ஸ் ராகங்களை வைத்துப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா படைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 1958-இல் அப்படி ஒரு குழுவை அமைத்தும் காட்டினார்.

வேலை எப்படி நடந்தது? இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். கோவாக்காரர் உட்கார்ந்து அதைச் சுரக் குறிப்பாக எழுதி, எந்த இடத்தில் வயலின், எந்த இடத்தில் பித்தளை, முதல் அடிக்கும் சரணத்துக்கும் நடுவே என்ன இடையிசை என்று தீர்மானித்து, நாற்பது பேருக்குத் தாள் பிரித்துக் கொடுப்பார். இதில் அமெரிக்காவில் இல்லாத ஒரு சிரமம் உண்டு. அங்கே ஜாஸ்காரரும் பாடகரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருவருக்கும் ப்ளூஸ் தாய்ப்பால். இங்கே மெட்டு ராகத்தில் போகிறது. ராகத்துக்குக் கமகம் உண்டு, வக்கிரம் உண்டு. அதன் மேல் மேல்நாட்டு இசையின் கூட்டுச் சுரங்களைக் கொண்டுபோய் வைத்தால் ராகம் நசுங்கிவிடும். நசுங்காமல் வைக்கக் கற்றுக்கொண்டது அவர்கள் சாதனை. சில பாட்டுகளில் வயலின்கள் கூட்டமாக வந்து குரலை அமுக்கிவிடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் நல்ல பாட்டுகளில் அவர்கள் விலகி நிற்கும் இடங்களைக் கேளுங்கள். அங்கேதான் பழைய ஜாஸ் பயிற்சி தெரியும்.

1977-இல் ‘அமர் அக்பர் அந்தோனி’ படம் வந்தது. அதில் அமிதாப் பச்சன் முட்டையிலிருந்து வெளியே வந்து பாடும் பாட்டில் வரும் பெயர், அந்தோனி கோன்சால்வ்ஸ். லட்சுமிகாந்த் பியாரேலால் இரட்டையரில் பியாரேலால் அவரிடம் வயலின் கற்றவர். குருவுக்குச் செய்த மரியாதை அது. நாடெல்லாம் அந்தப் பெயரைப் பாடியது. அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ஐம்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது.

சென்னையும் நம் கொச்சியும்

நம் பக்கமும் இதே கதைதான். விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்துப் பாடல்களில் நாம் மயங்கிக் கேட்கும் கிட்டார் பிலிப்ஸ் என்பவருடைய கை. ட்ரம்ஸ் பல பாட்டுகளில் நோயல் கிராண்ட். ‘புதிய பறவை’ (1964) பாடல்களை இன்னொரு தடவை, குரலை விட்டுவிட்டுப் பின்னால் நடப்பதை மட்டும் கவனித்துக் கேளுங்கள். இளையராஜாவுக்கு மேல்நாட்டு இசை சொல்லித்தந்த தன்ராஜ் மாஸ்டரின் பெயர், இளையராஜா திரும்பத் திரும்பச் சொன்னதால் நமக்குத் தெரிந்தது. சொல்லாமல் போயிருந்தால்?

கொச்சிக்காரர்களான நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர். 1936-இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்து, வறுமையால் சிறுவயதில் பழனியில் ஓர் ஆசிரமத்தில் வளர்ந்து, அங்கே சங்கீதம் கற்று, மலையாளத்தின் பெரிய இசையமைப்பாளர் ஆனவர். 2020-இல் பள்ளுருத்தியில் மறைந்தார். அவருடைய பாடல்கள் பலவற்றுக்கு வாத்திய அமைப்பு செய்தவர் ஆர்.கே. சேகர். ஜாஸ் குழுவிலிருந்து வந்தவர் அல்ல. ஆனால் செய்த வேலை அதே வேலை. 1976-இல் இளவயதிலேயே காலமானார். இன்று அவரை ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை என்று உலகம் அறியும். அவர் அமைத்த இடையிசையை வைத்து அவரை அறிந்தவர்கள் குறைவு.

நண்பருக்குப் பதில்

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரிதம் அண்ட் ப்ளூஸ் முழுவதையும் ஜாஸ்காரர்கள் உண்டாக்கினார்கள் என்றால் அது பொய். வயல்காட்டிலிருந்து வந்த ப்ளூஸ் பாடகர்களும், மாதா கோயிலில் கைதட்டிப் பாடிய பெண்களும் கொடுத்ததுதான் அதன் உயிர். இந்திப் பாட்டின் உயிரும் டோலக்கிலும் நாட்டுப்புற மெட்டிலும் இருக்கிறது. ஒரு பொருளை ஒரு பக்கமாகப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பது எங்கள் சமயத்தின் அநேகாந்தப் பாடம். ஜாஸ்காரர்கள் கொடுத்தது உடம்பு: அமைப்பு, அளவு, சேர்மானம், நேரம் தவறாமை. உடம்பில்லாமல் உயிர் எங்கே தங்கும்?

இனி ‘கூலி’ என்ற சொல். ஜான் கோல்ட்ரேனை ஜாஸ் உலகம் இன்று தெய்வமாக வணங்குகிறது. அவர் 1952 வாக்கில் ஏர்ல் பாஸ்டிக்கின் ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுவில் கூலிக்கு வாசித்தவர். பாஸ்டிக்கிடம் வாத்திய நுணுக்கங்கள் நிறையக் கற்றதாக அவரே பின்னால் சொன்னார். கூலி வேலை அவரைக் கெடுக்கவில்லை, வளர்த்தது. என் கடையில் மிளகைத் தூற்றிச் சலித்துத் தரம் பிரிக்கும் அம்மாக்கள் நாள் கூலிக்குத்தான் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் மூட்டையில் என் கம்பெனி பெயர் இருக்கும். மிளகு நன்றாக இருந்தால் பேர் எனக்கு. ஆனால் அந்தக் கண்ணும் கையும் இல்லாவிட்டால் என் மூட்டையை யார் வாங்குவார்? கூலி வாங்கினதால் அது திறமை இல்லை என்று ஆகிவிடுமா?

சித்தப்பாவின் கிளாரினெட்

இவ்வளவு கோபமாக ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா ஒருவர் வந்தவாசிப் பக்கம் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். நிலம் நீச்சு உள்ள நயினார் வீட்டுப் பிள்ளை பேண்டு வாசிப்பதா என்று வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவர் மெட்ராசுக்குப் போய், கோடம்பாக்கத்தில் ஏழெட்டு வருடம் ரெக்கார்டிங்குகளில் வாசித்தார். பிறகு நெஞ்சுவலி வந்து ஊருக்குத் திரும்பினார். நான் அப்போது பதினாறு வயசுப் பையன். திண்ணையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. “சித்தப்பா, நீங்க வாசிச்ச பாட்டு எது? பேரு எங்கயும் காணோமே. சும்மா கூலிக்குத்தான ஊதினீங்க?” என்று கேட்டேன். நண்பர் கூட்டத்தில் கேட்ட கேள்வி, எனக்கு முன்பே நானே கேட்டது.

அவர் கோபப்படவில்லை. “டேய், பாடறவங்க மூச்சு விடற இடம் இருக்கு பாரு, அங்க நான் இருப்பேன். கேட்டா தெரியும்” என்றார். நான் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் அவர் போய்விட்டார். எந்தப் பாட்டு என்று குறித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது பழைய பாட்டில் கிளாரினெட் கேட்டால் தட்டை நிறுத்தி மறுபடி வைக்கிறேன். அவராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழியில்லை.

அமெரிக்காவில் 2000-ஆம் வருடத்தில்தான் ராக் இசைப் பெருமன்றத்தில் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். முதல் வருடமே ஏர்ல் பால்மரைச் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 75. தாமதம்தான், ஆனாலும் உயிரோடு இருக்கும்போது செய்தார்கள்.

நாமோ ஊரை விட்டு வந்து, இன்னொருவர் ஊரில் வேலை செய்து, பெரும்பாலும் பெயர் இல்லாமலே காலம் தள்ளும் குடும்பங்கள். இந்த அருமை நமக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பொங்கல் விழாவுக்கும் மெல்லிசைக் குழு வைக்கிறோம். அழைப்பிதழில் பாடுகிறவர்கள் பெயர் மட்டும் போடுகிறோம். வரும் வருடம் தபலா, கீபோர்டு, கிட்டார், ட்ரம்ஸ் வாசிக்கிறவர்கள் பெயரையும், அவர்கள் ஊரையும் சேர்த்து அச்சடிப்போம். கூடுதல் காகிதச் செலவை அடியேன் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் பழைய தட்டோ கேசட்டோ வைத்திருப்பவர்கள், அதில் வாசித்த யாரையாவது அறிந்திருந்தால், ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்துவிடுங்கள்.